கணுக்காலில் என்ன பிழை?

"தம்பி, பிள்ளைக்குக் கணுக்கால் பலமில்லை போல கிடக்கு. இன்னும் ஒரு வருசம் போகட்டும், பிறகு கொண்டுவாங்கோ."

போன குளிர்காலம் ஸ்காபரோவில் ஒரு அரீனாவில், எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அண்ணர் இதைச் சொன்னார். அவருடைய இரண்டு பெடியளும் ஹொக்கி விளையாடி வளர்ந்தவர்கள். அக்கறையோடுதான் சொன்னார். கண்ணாடிக்கு அங்கால் என் மகள் நின்றாள். நாலு வயது. தலையில் ஹெல்மெட், காலில் புத்தம் புது வெள்ளைச் சப்பாத்து. இரண்டு சப்பாத்தும் உள்பக்கமாகச் சரிந்து, கணுக்கால்கள் ஒன்றையொன்று முட்டுவதுபோல நின்றன. மற்றப் பிள்ளைகள் தத்தித் தத்தி நகர, இவள் நட்டு வைத்த கம்பு மாதிரி அசையாமல் நின்றாள். பின்னால் விழுந்தாள். எழும்பினாள். திரும்பவும் பின்னால்தான் விழுந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் காரின் பின் சீற்றிலிருந்து கேட்டாள்: "அப்பா, எனக்குக் கால் சரியில்லையா?"

அண்ணர் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. வேறு யாரோ சொல்லியிருக்க வேண்டும், அல்லது தானாகவே அந்த முடிவுக்கு வந்திருக்க வேண்டும். எப்படியென்றாலும் அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அடுத்த சில மாதங்கள் பாதம், சப்பாத்து, அளவு என்று தேடித் தேடி வாசித்தேன், அளந்தேன், இரண்டு ஜோடியைக் கழற்றியும் பார்த்தேன். இந்த வலைப்பூவில் வழக்கமாகப் புத்தகங்களைப் பற்றித்தான் விமர்சனம் எழுதுகிறேன். இந்த முறை எடுத்துக்கொண்டது ஒரு ஜோடிச் சப்பாத்தும், அதைச் சுற்றி எல்லாரும் சொல்லும் புத்திமதியும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சின்னப் பிள்ளைகளின் கணுக்காலைப் பற்றி அரீனாக்களில் சொல்லப்படுவதில் பெரும்பகுதி சப்பாத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது.

பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணிலிருந்து தொடங்குகிறேன். வடஅமெரிக்கச் சப்பாத்து அளவுகள் பழைய ஆங்கிலேய முறையிலிருந்து வந்தவை. மூன்று பார்லி தானியம் சேர்ந்தால் ஓர் அங்குலம் என்பது அங்கத்தைய கணக்கு. ஆகவே ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் இடையே மூன்றில் ஒரு பங்கு அங்குலம், ஏறக்குறைய 8.5 மில்லிமீட்டர். நம்முடைய பழைய அளவைகளிலும் நெல்லும் விரலும் சாணும் இருந்தன, அதனால் பார்லியைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் இந்த முறையில் குழந்தை அளவு 13 (சில கடைகளில் 13½) வந்ததும் எண்ணிக்கை முடிந்து திரும்ப 1-இல் தொடங்கும். அதாவது 1 என்பது 13-ஐ விடப் பெரிது. என் மச்சாள் ஒருத்தி தன் மூன்று வயது மகனுக்கு இணையத்தில் பழைய ஸ்கேட் வாங்கினா. அளவு 2 என்று போட்டிருந்ததாம், மூன்று வயதுக்கு 2 சரியாக இருக்கும் என்று நினைச்சாவாம். பெட்டியைத் திறந்தால் எட்டு வயதுப் பிள்ளையின் சப்பாத்து. இப்போது அது அவர்கள் வீட்டு பேஸ்மென்றில் காத்திருக்கிறது.

எண் குழப்பம் சிரிப்போடு போகட்டும். உண்மையான சிக்கல் அந்த 8.5 மில்லிமீட்டரில் இருக்கிறது. ஓர் அளவுக்கும் அடுத்ததுக்கும் உள்ள தூரம் எல்லாருக்கும் ஒன்றுதான், ஆனால் பாதம் எல்லாருக்கும் ஒன்றில்லை. என் பாதம் 26 சென்ரிமீட்டர். அதில் 8.5 மில்லிமீட்டர் கூடினால் ஒரு தடிச்ச காலுறையால் சமாளிக்கலாம். மகளுடைய பாதம் அப்போது 15 சென்ரிமீட்டர். அவளுக்கு அதே 8.5 என்பது கிட்டத்தட்டப் பதினெட்டில் ஒரு பங்கு. பாதம் எவ்வளவு சின்னதோ அவ்வளவுக்கு அளவில் விடும் பிழை பெரிதாகிறது. அரை அளவுகள் மிகவும் தேவைப்படுவது சின்னக் கால்களுக்குத்தான். நான் ஏறி இறங்கிய கடைகளில் அதே சின்னக் கால்களுக்குத்தான் அரை அளவும் இல்லை, அகலத் தெரிவும் இல்லை. ஒன்ராறியோவிலேயே இருக்கும் ஜாக்சன், மினசோட்டாவின் றீடெல் போன்றவர்கள் அகலத்தை எழுத்துகளால் குறிக்கிறார்கள். ஒடுக்கம், நடுத்தரம், அகலம் என்று வளர்ந்தவர்களுக்குக் கடையில் எடுத்துக் காட்டுவார்கள். குழந்தை அளவில் கேட்டால், "இது ஒண்டுதான் இருக்கு" என்ற பதில். அட்டவணைகளும் பெரும்பாலும் குழந்தை அளவு 8 அல்லது அதற்குக் கிட்டத்தான் தொடங்குகின்றன. அதற்குக் கீழே பாதம் உள்ள பிள்ளைக்கு மிஞ்சுவது பிளாஸ்ரிக் சப்பாத்து, அல்லது குளிர்காலப் பூட்ஸுக்கு அடியில் பட்டியால் கட்டும் இரட்டைப் பிளேடு.

இத்தாலியின் எடெயா தன் சப்பாத்துகளை மில்லிமீட்டரில் குறிப்பது எனக்குப் பிடித்திருந்தது. மில்லிமீட்டர் பொய் சொல்லாது என்பதல்ல காரணம். அந்த எண்ணைப் பார்த்ததும் நீங்கள் போய்ப் பிள்ளையின் காலை அளந்தே ஆகவேண்டும். "8" என்பது அளக்காமலே வாங்கத் தூண்டும் எண்.

அளக்காமல் வாங்கியவர்களில் நானும் ஒருவன். கடைக்குப் போகும்போது அம்மாவும் கூட வந்தா. வெளியில் போடும் சப்பாத்து குழந்தை அளவு 9. அம்மா சொன்னா: "வளருற பிள்ளை தம்பி, ஒரு அளவு கூட்டி எடு." எடுத்தேன். 10.

அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஊரில் ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கும்போது சப்பாத்து வாங்கினால் அது அடுத்த ஜனவரி வரை தாக்குப்பிடிக்க வேண்டும், பிறகு தம்பிக்கும் போக வேண்டும். முன்னுக்குப் பஞ்சு அடைஞ்சு போட்ட பரம்பரை நாங்கள். நடக்கும் சப்பாத்துக்கு அந்தக் கணக்கு ஓரளவு செல்லும். கொஞ்சம் சளக்கு சளக்கு என்று அடிக்கும், குதியில் தோல் உரியும், அவ்வளவுதான். ஸ்கேட்டுக்கு அது ஏன் செல்லாது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு மாதம் எடுத்தது.

முதலில், ஸ்கேட் அளவும் வெளிச் சப்பாத்து அளவும் ஒன்றில்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறினாலும், பெரும்பாலும் ஸ்கேட்டின் எண் அரையிலிருந்து ஒன்றரை வரை குறைவாகவே வரும். மகளுக்குச் சரியான ஸ்கேட் அளவு 8. நாங்கள் வாங்கியது 10. இரண்டு அளவு வித்தியாசம், 17 மில்லிமீட்டர். 15 சென்ரிமீட்டர் பாதத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். நான் என் கால் அளவை விட மூன்று அளவுக்கு மேல் கூடிய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, அதன் அடியில் ஒரு கத்தியையும் பொருத்தி, பனிக்கட்டியில் நிற்பதற்குச் சமம். என்னையும் பார்த்து அந்த அண்ணர் கணுக்கால் பலமில்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

அடுத்தது பிளேடின் வடிவம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் யாரும் சொல்வதில்லை. ஃபிகர் ஸ்கேட்டின் பிளேடு தூரத்தில் பார்த்தால் நேர்க்கோடு. உண்மையில் அது ஆடு நாற்காலியின் கால் போல முன்னும் பின்னும் மெல்ல வளைந்தது. ஏழு எட்டு அடி ஆரமுள்ள ஒரு பெரிய வட்டத்தின் சிறு துண்டு. முன்னால், முன்பற்களுக்குச் சற்றுப் பின்னே, அந்த வளைவு இன்னும் கூர்மையாகும். திரும்புவதும் சுழல்வதும் அந்த இடத்தில்தான். கால் பெருவிரலுக்குப் பின்னால் ஒரு மேடு இருக்கிறதே, அந்த மேடு இந்த இடத்துக்கு நேர் மேலே வர வேண்டும் என்ற கணக்கில்தான் பிளேடு பூட்டப்படுகிறது. குறுக்காகப் பார்த்தால், ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் தடிப்பு, நடுவில் ஒரு பள்ளம், பள்ளத்தின் இரு கரையிலும் இரண்டு விளிம்பு. ஸ்கேட் செய்வது என்பது இந்த விளிம்புகளில் ஒன்றைத் தெரிந்தெடுத்து அதன் மேல் சாய்வது.

இப்போது 17 மில்லிமீட்டர் நீளம் கூடிய சப்பாத்துக்குள் பிள்ளையின் காலை வையுங்கள். குதி பின்னால் ஒட்டி நின்றால், அந்த மேடு இருக்க வேண்டிய இடத்துக்குப் பின்னால் விழும். பிளேடின் முன்வளைவுக்கு மேலே இருப்பது வெறும் காற்று. பிள்ளையின் பாரம் ஆடு நாற்காலியின் பின்பக்கத்தில். முன்னே சாய முயன்றால் கால் சப்பாத்துக்குள்ளேயே முன்னே வழுக்கும், குதி பின்னால் தூக்கும், முன்பல் பனியில் குத்தும். சாயாவிட்டால் பின்னால் விழுவாள். "முழங்காலை மடி, முன்னே சாய்" என்று பயிற்சியாளர் திரும்பத் திரும்பச் சொன்னபோது அவள் கேட்காமல் நின்றது அடம் இல்லை. மடித்தபோதெல்லாம் விழுந்தாள், ஆகவே மடிப்பதை நிறுத்திக்கொண்டாள். நாலு வயதில் அது நல்ல புத்தி என்றுதான் சொல்வேன்.

உள்பக்கம் சரிவதற்கும் இதுவே தொடர்ச்சி. சின்னப் பிள்ளைகளின் பாதம் தட்டையாகத்தான் இருக்கும். உள்ளங்கால் கொழுப்பு நிறைந்தது. பாதத்தின் உள்வளைவைத் தாங்கும் நாவிகுலர் என்ற சிறிய எலும்பு, இரண்டு மூன்று வயதில்தான் குருத்தெலும்பு நிலையிலிருந்து எலும்பாகத் தொடங்குகிறது. விரல்பக்கம் அகலம், குதி ஒடுக்கம். இப்படிப்பட்ட காலை அகலமான குதியுள்ள சப்பாத்தில் விட்டால் அது உள்பக்கமாகச் சறுக்கி உட்காரும். பாரம் உள்விளிம்பில் விழும், சப்பாத்து சரியும், சரிந்த சப்பாத்து காலை இன்னும் உள்ளே தள்ளும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கணுக்கால் மடங்குவது மட்டும் தெரியும். மலிவான சப்பாத்துகளில் பிளேடு ரிவெட் அடித்து நிரந்தரமாகப் பூட்டப்பட்டிருக்கும். அது ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் பூட்டப்பட்டிருந்தாலும் திருத்த வழியில்லை. திருகாணியில் பூட்டியதென்றால் நல்ல கடையில் நகர்த்தித் தருவார்கள்.

பலமில்லாத கணுக்கால்கள் உலகத்தில் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. சப்பாத்து சரியாகப் பொருந்திய பின்பும் சரிந்தால், வெறுங்காலில் நடக்கும்போதும் பிள்ளை தடுமாறினால், ஒரு வைத்தியரிடம் காட்டுங்கள். ஆனால் அந்தச் சந்தேகம் கடைசியாக வர வேண்டியது. எங்கள் அரீனாவில் அது முதலாவதாக வருகிறது, அதுவும் வைத்தியர் அல்லாதவர்களிடமிருந்து.

"அப்படியென்றால் கெட்டியான சப்பாத்தாக வாங்கு, கணுக்காலைப் பிடிச்சுக்கொள்ளும்" என்பது அடுத்த புத்திமதி. இதையும் நான் நம்பினேன். பிறகுதான் தெரிந்தது, சப்பாத்தின் விறைப்பு என்பது அதைப் போடுபவரின் எடைக்கும் அவர் செய்யப்போகும் தாவல்களுக்கும் ஏற்ப அமைக்கப்படுவது. தாவி இறங்குபவரின் கணுக்காலில் விழும் விசை அவருடைய உடல் எடையைப் போலப் பல மடங்கு. அதற்காகச் செய்த சப்பாத்தைப் 15 கிலோப் பிள்ளைக்கு மாட்டினால் அவளால் அதை மடிக்கவே முடியாது. கால் இரண்டிலும் மாவுக்கட்டுப் போட்டது மாதிரி. முழங்கால் மடிய வேண்டுமென்றால் கணுக்காலும் கொஞ்சம் முன்னே மடிய வேண்டும். மறுபக்கம், பெரிய கடைகளில் விளையாட்டுப் பொம்மைகளுக்குப் பக்கத்தில் தொங்கும் மெல்லிய வினைல் சப்பாத்தும் உதவாது. கையால் அமுக்கினாலே கணுக்கால் பகுதி கடதாசிபோல மடிகிறது. கடையில் ஒரு சின்னச் சோதனை செய்யலாம்: கணுக்கால் பகுதியை இரு பக்கமும் அழுத்துங்கள், தட்டையாகக் கூடாது. பிறகு மேல் கழுத்தைப் பிடித்து முன்னே வளையுங்கள், கொஞ்சமாவது வளைய வேண்டும். பக்கவாட்டில் பிடிமானம், முன்னே இளக்கம். இந்த இரண்டும் சேர்ந்த குழந்தைச் சப்பாத்து அபூர்வம், ஆனால் இருக்கிறது.

அளப்பது எப்படி என்று என்னிடம் கேட்டவர்களுக்குச் சொல்வது இதுதான். சப்பாத்துக் கடைகளில் உலோகத்தட்டு ஒன்று, நகரும் பட்டைகளோடு இருக்குமே, அது பிரானொக் கருவி. சார்ல்ஸ் பிரானொக் என்பவர் 1920-களில் நியூயோர்க் மாநிலத்தின் சிரக்யூசில் உருவாக்கியது. அது நீளத்தையும் அகலத்தையும் மட்டுமல்ல, குதியிலிருந்து அந்தப் பெருவிரல் மேடு வரையுள்ள தூரத்தையும் அளக்கும். ஒரே நீளப் பாதமுள்ள இரண்டு பிள்ளைகளுக்கு இந்தத் தூரம் வேறுபடலாம், ஒருத்திக்கு விரல்கள் நீளம், மற்றவளுக்குப் பாதம் நீளம். ஸ்கேட்டுக்கு இதுதான் முக்கியமான எண், அளப்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான். கருவி கிடைக்காவிட்டால் சுவரோடு குதியை ஒட்டி ஒரு கடதாசியில் நிற்கவையுங்கள். பின்னேரத்தில் அளவுங்கள், கால் சற்று வீங்கியிருக்கும். இரண்டு காலையும் அளவுங்கள். என் மகளுக்கு வலது கால் 3 மில்லிமீட்டர் நீளம்.

கடையில், சப்பாத்தின் உள்ளட்டையை வெளியே எடுத்து அதன் மேல் பிள்ளையை நிற்கவையுங்கள். விரல்களுக்கு முன்னால் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். சப்பாத்துக்குள் இருக்கும்போது பெருவிரலை வெளியிலிருந்து அமுக்கித் தேடும் பழைய முறை ஸ்கேட்டில் பயன்படாது, முன்பகுதி கெட்டி. 3 முதல் 5 மில்லிமீட்டர் இடம் என்றால் நான் ஏற்றுக்கொள்வேன், குதி அசையாது என்றால் மட்டும். நிமிர்ந்து நிற்கும்போது விரல்கள் முன்னால் மெல்லத் தொடலாம். முழங்காலை மடித்ததும் அந்தத் தொடுகை விலக வேண்டும். பிறகு லேஸ். விரல்பக்கம் இளக்கமாக, கணுக்கால் வளைவில் இறுக்கமாக, மேல் கொக்கிகளில் திரும்ப இளக்கமாக. முழுவதையும் ஒரே இறுக்காக இறுக்கிக் கட்டுவது எங்கள் அப்பாமாரின் பொது வியாதி. இரண்டு காலுறை போடுவதும் அப்படித்தான். ஒன்றின் மேல் ஒன்று வழுக்குமே தவிரக் காலைப் பிடிக்காது. மெல்லிய காலுறை ஒன்று போதும். குளிருமே என்றால், கொஞ்சம் குளிரட்டும்.

"நோகுதா?" என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள். கேட்டால் "நோகேல்லை" என்றுதான் பதில் வரும். நொந்தால் வெள்ளைச் சப்பாத்தைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். "எங்க தொடுது? காட்டு பாப்பம்" என்று கேளுங்கள். அதற்கும் மேலான சாட்சி தோல். இருபது நிமிடம் போட்டுவிட்டுக் கழற்றினால் காலில் சிவப்புத் தடங்கள் தெரியும். கணுக்கால் எலும்பைச் சுற்றி ஒரே சீரான மெல்லிய சிவப்பு என்றால் பரவாயில்லை, சற்று நேரத்தில் மறையும். பெருவிரல் மேட்டின் உள்பக்கம் மட்டும் ஆழமாகச் சிவந்திருந்தால் கால் உள்ளே சரிகிறது. குதியின் பின்னால் தேய்ந்திருந்தால் சப்பாத்து பெரிது. மகளின் முதல் ஜோடியில் இவை இரண்டும் இருந்தன. நான் மூன்று வாரம் அவற்றைப் பார்த்தேன், தேங்காய் எண்ணெய் பூசினேன், பார்த்ததன் அர்த்தம் விளங்கவில்லை.

வாடகைச் சப்பாத்துகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நூறு கால்கள் போட்டுக் குதி இளகியவை, பிளேடு மழுங்கியவை. ஒருநாள் விளையாட்டுக்குப் போதும். இரட்டைப் பிளேடில் விளிம்பு என்பதே இல்லாததால் அதில் பழகுவது நடப்பது, ஸ்கேட் அல்ல. புதுச் சப்பாத்து வாங்குபவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பல புதுப் பிளேடுகள் தீட்டப்படாமல்தான் பெட்டியில் வருகின்றன. தீட்டாத பிளேடில் விளிம்பு பிடிக்காது. மகள் முதல் இரண்டு வகுப்புகளில் வழுக்கி வழுக்கி விழுந்ததில் பாதிக்கு அதுவும் காரணம். கடையில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வெள்ளை நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெண்களின் ஸ்கேட் வெள்ளையாக இருப்பதை உலகத்துக்குப் பழக்கியவர் நோர்வேயின் சோன்யா ஹெனி. 1924-இல் ஷமோனி ஒலிம்பிக்கில் 11 வயதுப் பிள்ளையாகப் போட்டியிட்டு எட்டுப் பேரில் எட்டாவதாக வந்தவர். பிறகு 1928, 1932, 1936 என்று மூன்று முறை தங்கம். அதற்கு முன் பெண்களும் கறுப்பும் மண்ணிறமும்தான் போட்டார்கள். கடைசி இடத்தில் வந்த 11 வயதுப் பிள்ளையைப் பார்த்து அன்றைக்கு எத்தனை பேர் என்னென்ன சொன்னார்களோ. அவர் கொண்டுவந்த வெள்ளை நிறம் இன்றைக்குக் கடைத் தட்டில் எங்களை ஏமாற்றும் முதல் விஷயம். என் மகள் தெரிந்தெடுத்ததும் நிறத்தைத்தான், நான் வாங்கியதும் அவள் முகத்தைப் பார்த்துத்தான். அளவு மூன்றாவதாக வந்தது.

இந்தத் தேடலுக்கிடையில் நோயல் ஸ்ட்ரெட்ஃபீல்ட் எழுதிய 'வைட் பூட்ஸ்' என்ற சிறுவர் நாவலும் கைக்கு வந்தது. 1951-இல் வெளியானது, லண்டனில் நடக்கும் கதை. நோயிலிருந்து எழுந்த ஹாரியட் என்ற சிறுமிக்குக் கால்கள் சோர்ந்து கிடக்கின்றன. வைத்தியர் சொல்லும் மருந்து ஸ்கேட்டிங். சப்பாத்தை வாடகைக்கு எடுக்கக் காசு இல்லாததால் அண்ணன் காலையில் பத்திரிகை போடும் வேலைக்குப் போகிறான். நாவலாகப் பார்த்தால் சில இடங்களில் இனிப்புக் கூடிப்போன கதை. பணக்கார மாமியும் போட்டியும் எதிர்பார்த்தபடியே வருகின்றன. ஆனால் இரண்டு விஷயம் மனதில் நின்றது. ஒன்று, சப்பாத்தின் செலவை ஒரு குடும்பத்தின் பிரச்சினையாக அந்த ஆசிரியர் நேராகச் சொல்கிறார், வீட்டில் எல்லாரும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். மற்றது, அங்கே கால் சோர்ந்திருக்கிறது என்பதற்காகப் பிள்ளையைப் பனித்தளத்துக்கு அனுப்புகிறார்கள். எங்கள் அரீனாவில் அதே காரணத்தைச் சொல்லி வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள்.

செலவு என்றதும் என் விமர்சனத்துக்கு வரக்கூடிய நியாயமான எதிர்வாதமும் வந்துவிடுகிறது. "இவ்வளவு ஆராய்ச்சி தேவையா? உறைஞ்ச குளத்தில அண்ணனிட பழைய சப்பாத்தோட பழகின பிள்ளையள் எத்தினை பேர்." உண்மைதான். ஆனால் பழகாமல் விட்டவர்களின் கதை யாரிடமும் இல்லை. அவர்கள் "எனக்கு அது சரிவரேல்லை" என்று ஒரு வசனத்தில் முடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பதினைந்து வயதில் கனடாவுக்கு வந்து, பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒரே ஒரு நாள் வாடகைச் சப்பாத்தில் ஏறி, வாழ்நாள் முழுக்க அந்த வசனத்தைச் சொல்பவர்களில் நானும் ஒருவன்.

காசுக் கணக்கு கடினம்தான், அதை மறைக்க முடியாது. இந்த வயதில் பாதம் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வளர்கிறது. ஒக்டோபரில் 4 மில்லிமீட்டர் இடம் விட்டு வாங்கினால் மார்ச்சில் அது முடிந்திருக்கும். அம்மா சொன்னதுபோல இரண்டு வருடத்துக்கு வாங்கினால் முதல் வருடம் முழுக்க வீண், இரண்டாம் வருடம் பிள்ளைக்கு ஆசை போய்விட்டிருக்கும். ஒரு பருவத்துக்கு ஒரு ஜோடி, அதுவும் பழையது என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. சின்ன அளவுச் சப்பாத்துகள் தேய்வதற்கு முன்னே சிறிதாகிவிடுவதால் பழையவை பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும். குதிப் பக்கம் மடிப்பு விழுந்திருக்கிறதா, பிளேடில் தீட்ட இன்னும் இரும்பு இருக்கிறதா, திருகாணிகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று பாருங்கள். முன்பற்களை யாராவது தீட்டிக் கழித்திருந்தால் வேண்டாம். இலையுதிர்காலத்தில் ஸ்கேட்டிங் சங்கங்கள் பழையது மாற்றும் நாள் வைப்பதுண்டு. அங்கே போனால் கடையில் கிடைக்காத ஒடுக்கமான அகலங்களும் சிலவேளை கைக்கு வரும்.

எங்களுக்கு அப்படித்தான் வந்தது. குழந்தை அளவு 8, ஒடுக்கமான குதி, 40 டொலர். வெள்ளை நிறம் மங்கி, வலது சப்பாத்தின் மூக்கில் யாரோ ஒரு பிள்ளை ஊதாப் பேனையால் பூ வரைந்திருந்தாள். தீட்டுவதற்கு வேறு காசு. அம்மா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "இது மாசிக்குள்ள சின்னனாப் போடும்" என்றா. போகும்தான் அம்மா என்றேன்.

அடுத்த வகுப்பில் சப்பாத்து நேராக நின்றது. முழுக்க நேராக இல்லை, இடது கொஞ்சம் உள்ளே. முழங்காலை மடித்தாள், விழவில்லை. பிறகு விழுந்தாள், முன்பக்கமாக, இரண்டு கையும் ஊன்றி. அண்ணர் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, கணுக்காலுக்குப் பலம் வந்திட்டுது. எக்சசைஸ் ஏதும் குடுத்தனீங்களோ?" என்று கேட்டார். சப்பாத்தை மாற்றினோம் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அவளுடைய பாதத்தின் கடதாசி வரைவுகள் மாதவாரியாக ஒட்டியிருக்கின்றன. கடைசி வரைவில் வலது 156, இடது 153. அதாவது அம்மா சொன்ன கணக்கும் பிழையில்லை, இந்த ஜோடி இன்னும் ஒரு மாதம்தான். ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் யாரிடமாவது குழந்தை அளவு 9, ஒடுக்கமான குதியுள்ளது சும்மா கிடந்தால் எழுதுங்கள். எங்களிடம் ஊதாப் பூ போட்ட 8 ஒன்று இருக்கிறது. கிட்டப் புதிதாகவே இருக்கும் ஒரு 10-உம் இருக்கிறது, அதற்கான கால் வளர்ந்து வரும் வரை அது பெட்டியிலேயே இருக்கட்டும்.